பூட்டிய கழிப்பறையும் நோர்வே முறையும்

பேர்கன் நகரில் என் காலைகள் "ஃபேர்டி!" என்ற கூச்சலோடு தொடங்குகின்றன. நோர்வே மொழியில் 'முடிந்துவிட்டது' என்று அர்த்தம். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று முழங்கால் உயரக் கழிப்பறைக் கோப்பையில் சப்பரத்துச் சாமி மாதிரி உட்கார்ந்து, கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, தன் காரியம் முடிந்ததை ஊருக்கே அறிவிக்கும். நான் ஓடிப்போய்த் துடைத்துவிட வேண்டும். துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த கோப்பையிலிருந்து அடுத்த குரல் வரும். இதுதான் என் உத்தியோகம். பார்னஹாகே என்று இங்கே அழைக்கிற சிறுவர் பள்ளியில் நான் ஓர் உதவியாளன். கலஹா தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டி டவுனில் புடவைக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவன், கல்யாணம் கட்டி இந்த மழை நாட்டுக்கு வந்து இந்த வேலையில் அமர்ந்தேன். ஊரில் யாரிடமாவது சொன்னால் "ஆயா வேலையா?" என்பார்கள். ஆமாம், ஆயா வேலைதான். அதில் எனக்கு வெட்கமில்லை. எனக்கு அருவருப்பு வேறு இடத்தில் வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வந்த புதிதில் இந்த நாட்டுப் பிள்ளை வளர்ப்பும் எனக்குக் குமட்டத்தான் செய்தது. பனி கொட்டும் நாளில் ஒரு வயதுக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் கிடத்தி, வெளியே வராந்தாவில் வரிசையாகத் தூங்கவிடுகிறார்கள். மழை பெய்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிடாமல், ரெய்ன்ட்ரெஸ் என்ற ரப்பர் உடுப்பை மாட்டி வெளியே துரத்துகிறார்கள். சேற்றில் புரள்வதும் மண்ணை ருசி பார்ப்பதும் வழிகிற மூக்கை நாக்கால் துடைப்பதும் இவர்களுக்குக் கல்வி. மத்தியானத்துக்கு மாட்பாக்கே என்று ஒரு பொட்டலம்: ஆறிப்போன பாண் ரொட்டி, அதன்மேல் ஈரல் பசை. ஒருநாள் சாப்பிடாமல் சிணுங்கிய பெண் குழந்தை ஒன்றுக்குப் பாணைப் பிய்த்து, "ஆ காட்டு" என்று தமிழிலேயே சொல்லி ஊட்டிவிட்டேன். எங்கள் தலைவி இங்கெர் என்னைத் தனியே அழைத்தாள். "அவளுக்குப் பசிக்கவில்லை" என்றாள். "அதனால்தான் ஊட்டினேன்" என்றேன். "உங்கள் நாட்டில் பிள்ளைகளுக்குக் கை இல்லையா?" என்று கேட்டாள். கேலி செய்யவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்றிரவு நான் சாப்பிடாமல் படுத்தேன். எனக்கு ஊட்ட யாரும் வரவில்லை.

நான் வளர்ந்த இடம் இதைவிட மேல் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தை நினைத்தாலே இன்றும் மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் தகரக் கூரைக் கட்டடம் அது. புளித்த பால், பினாயில், மூத்திரம் மூன்றும் கலந்த வாடை. விட்டத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில்கள். காதில் சீழ் வடிகிற பிள்ளையும் சொறி பிடித்த பிள்ளையும் ஒரே பாயில் கிடக்கும். ஒரே துணியால் எல்லார் மூக்கும் துடைபடும். தோட்டத்துத் துரையோ டாக்டரோ வருகிற அன்றைக்கு மட்டும் எங்களுக்குப் புதுத் துண்டு கட்டிவிட்டு, அவர்கள் ஜீப் ஏறியதும் அவிழ்த்து அலுமாரியில் பூட்டிவிடுவார்கள். ஆனால் ஒண்ணுக்கு வந்தால் எழுந்து ஓடிப்போய்க் சாக்கடைக் கான் ஓரத்தில் நிற்போம். அதற்கு யாருடைய அனுமதியாவது தேவை என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த வருடம் லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் வைத்து, "அங்க போய் ஒருத்தரோடையும் சண்டை பிடிக்காதேங்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினாள். என் குணம் அவளுக்குத் தெரியும்.

தங்கை வசந்தி கண்டியில் ஹந்தானை மலையடிவாரத்தில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறாள். டவுனில் ஒரு பாமசியில் வேலை. அவள் புருஷன், என் மச்சான், ஆட்டோ ஓட்டுகிறான். நாலரை வயதில் ஒரே மகள், ஹர்ஷினி. எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதலான உரிமை உண்டு என்று நானே முடிவுசெய்து வைத்திருக்கிறேன். போய் இறங்கிய மறுநாள் காலையில், பிள்ளை தண்ணீர் கேட்டாள். வசந்தி கொடுக்கவில்லை. "நேர்சரி விட்டு வந்து குடிக்கலாம்" என்றாள். பாலும் கிடையாதாம். பிறகு அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் உடுப்பு மாட்டினாள். கதவு இடுக்கில் நான் பார்த்தது ஒரு பேம்பர்ஸ். இரண்டு வயது முடிவதற்குள் அந்தக் கண்றாவியையெல்லாம் தூக்கி எறிந்துவிட்ட பிள்ளை. அதை வீடியோவில் எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டவளே இந்த வசந்திதான். இப்போது மகளுக்கு அதை மாட்டி, மேலே வெள்ளைச் சட்டையும் சின்ன டையும் கட்டி அனுப்புகிறாள்.

"புள்ளைக்கு ஏதும் சொகமில்லையா?" என்றேன்.

"இல்லண்ணே, நேர்சரியில சொல்லியிருக்காங்க. எல்லாப் புள்ளைங்களுக்கும் போட்டுத்தான் அனுப்பணும். டொய்லெட் ஒண்ணுதான் இருக்கு. ஒவ்வொண்ணா கூட்டிட்டுப் போனா பாடம் எப்ப நடத்துறது?"

"பேம்பர்ஸ்தான் இருக்கே. அப்புறம் ஏன் தண்ணி குடுக்கல?"

வசந்தி டையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "இவ அதுல போக மாட்டேங்கிறா. அடக்கிக்கிட்டே இருக்கா. அதான்."

நான் வேலை செய்கிற இடத்தில், ஒரு பிள்ளை பேம்பர்ஸிலிருந்து விடுபட்டால் அன்றைக்கு அது பெரிய செய்தி. தாய் தகப்பனுக்குச் சொல்வோம், பிள்ளையைப் பாராட்டுவோம். இங்கே விடுபட்ட பிள்ளையைப் பிடித்து மறுபடியும் கட்டுகிறார்கள். கட்டுவது நேர்சரிகூட இல்லை, பெற்ற தாய். திட்டுவதற்கு வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. மனைவி சொன்னதை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே ஹர்ஷினிக்குக் காய்ச்சல். ஒண்ணுக்குப் போகும்போது எரிகிறது என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டவுனில் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தண்ணீர் குறைவாகக் குடித்து அடக்கி வைத்ததால் வந்த தொற்று என்றார். "இது திரும்பத் திரும்ப வந்தா கிட்னிக்குக் கூடாது" என்றும் சொன்னார். வசந்தியின் முகம் வெளுத்துப்போனது. மருந்து கொடுத்துக் காய்ச்சல் விட்டதும், மறுபடியும் அதே பேம்பர்ஸ், அதே டை. ஆண்டு விழாக் கொன்சட்டுக்கு ஒத்திகை நடக்கிறதாம், ஒருநாள்கூடத் தவறக்கூடாதாம்.

அதற்கு மேலும் விழுங்க முடியாமல் நானே நேர்சரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஒரு வீட்டின் கார் நிறுத்தும் இடத்தையும் அதை ஒட்டிய அறையையும் சேர்த்து அமைத்த நேர்சரி. சுவரில் இங்கிலிஷ் எழுத்துகளும், யாரும் தொடக்கூடாத உயரத்தில் விளையாட்டுச் சாமான்களும். உள்ளே பிள்ளைகள் பிளாஸ்டிக் கதிரைகளில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, விரலை உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு வயதுப் பிள்ளைகள் இருக்கிற அறையில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. இறந்த வீட்டில்கூட இதைவிடச் சத்தமாக இருக்கும். கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. மெடம், அதாவது நேர்சரியின் உரிமையாளர், நல்ல சேலையும் நல்ல சிரிப்புமாக வந்து என்னை உட்காரவைத்தார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைக்கு வந்த தொற்று, டாக்டர் சொன்னது, தண்ணீர், பூட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மெடம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"தம்பி, ஒண்ண டொய்லெட்டுக்கு விட்டா எல்லாப் புள்ளைங்களும் கேக்கும். ஒங்களுக்குத் தெரியாததா? ஆமா, நீங்க எங்க இருக்கீங்கன்னு சொன்னீங்க?"

"நோர்வேயில. அங்க ஒரு நேர்சரியிலதான் வேலை செய்றேன். அங்கயெல்லாம்..."

"நோர்வே நேர்சரியிலயா?" மெடம் எழுந்தே விட்டார். "வசந்தி ஒரு வார்த்த சொல்லலியே! தம்பி, நீங்க நம்ம கொன்சட்டுக்கு பிரதம அதிதியா வரணும். கட்டாயம் வரணும்."

"மெடம், நான் டொய்லெட்ட பத்திச் சொல்ல வந்தேன்."

"அதெல்லாம் பேசலாம் தம்பி. கோட் இருக்கா ஒங்ககிட்ட?"

குறை சொல்லப் போனவன் பிரதம அதிதியாகத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் என்மேலேயே எனக்குக் காறித் துப்பவேண்டும் போல் இருந்தது. வர முடியாது என்று போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். வசந்தி அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணே, வேணான்னு மட்டும் சொல்லிராதீங்க. ஒண்ணாம் ஆண்டுக்குப் பெரிய இஸ்கூல்ல இன்டவியூ வருது. அங்க மெடம் ஒரு வார்த்த சொன்னாத்தான் எடுபடும். இவள வேற எங்கயும் சேத்தா அது நடக்காது."

"புள்ளைக்கு கிட்னி போனாப் பரவால்லயா?"

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் இறங்கவில்லை. "நான் ஒம்பதாம் ஆண்டு டவுன் இஸ்கூலுக்கு வந்தப்ப, தோட்டத்து லயத்துப் புள்ளன்னு பக்கத்துல உக்கார மாட்டாங்க. நீங்க மறந்துட்டீங்களா? எம் மகள அப்படி யாரும் சொல்லக்கூடாது. ஒங்களுக்கு ஒரு புள்ள இருந்தா தெரியும். நீங்க ரெண்டு வாரத்துல ஏறிப் போயிருவீங்க. நாங்க இங்கதான் கெடக்கணும்."

அவள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதுதான் எனக்கு மேலும் எரிச்சலாக இருந்தது. பிள்ளைமடுவத்து வாடையிலிருந்து தப்பி ஓடிவந்த நாங்கள், வாசனைத் தைலம் தெளித்த ஒரு மடுவத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோய் அடைத்து, அதற்குக் கும்பிடும் போடுகிறோம். தோட்டத்து மடுவத்தில் யாரும் எங்களை மதிக்கவில்லை. இங்கே மதிப்பு மட்டும்தான் இருக்கிறது, பிள்ளை ஒண்ணுக்குப் போக இடமில்லை. இரண்டையும் தராசில் வைத்து எது மேல் என்று கேட்டால் இரண்டையும் தூக்கிக் குப்பையில் கொட்டச் சொல்வேன். ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மச்சானுடைய கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

டவுனில் வாடகை மண்டபம். மேடைக்குப் பின்னால் கட்டிய பெரிய பேனரில் என் பெயருக்குக் கீழே 'நோர்வே நாட்டு முன்பள்ளிக் கல்வி நிபுணர்' என்று இருந்தது. நிபுணர்! இங்கெர் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கியும், குஞ்சம் தொங்கும் தட்டைத் தொப்பியும். பல்கலைக்கழகத்துப் பட்டதாரிகள் மாதிரி. முகத்தில் பவுடர், உதட்டில் சாயம், கன்னத்தில் சிவப்பு. காலையிலிருந்தே கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வியர்வையில் பவுடர் கரைந்து கழுத்தில் வழிந்தது. ஒரு மிஸ், தொப்பி நழுவிய பிள்ளையின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்து, திரும்பி என்னைப் பார்த்ததும் சிரித்தார். ஆட்டமும் பாட்டும் முடிந்து என்னைச் சான்றிதழ் கொடுக்கக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வந்து வாங்கி, போட்டோக்காரனைப் பார்த்துச் சிரித்து, மேடையின் மறுபக்கத்தில் போய் வரிசையில் நின்றது. எனக்கு வாயெல்லாம் கசந்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

ஹர்ஷினி வந்தாள். சான்றிதழை வாங்கினாள். நகரவில்லை. போட்டோக்காரன் சைகை காட்டினான், மிஸ் ஓரத்திலிருந்து கையை அசைத்தார். அவள் என் கோட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன்.

"மாமா, ஒண்ணுக்கு வருது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "பேம்பர்ஸ் போட்டிருக்கேன். ஆனா அதுல போக மாட்டேன். நான் பெரிய புள்ள."

அங்கிக்கு அடியில் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். மிச்சச் சான்றிதழ்களைப் பக்கத்தில் நின்ற மெடத்தின் கையில் திணித்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினேன். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. கழிப்பறை எங்கே என்று வாசலில் நின்ற ஆளிடம் கேட்டுக்கொண்டிருக்கையில் பின்னால் ஒரு குரல் வந்தது. "அங்கிள், எனக்கும்." அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பையன். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால், மேடைப் படியில், தொப்பிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. மெடம் சொன்னது சரிதான். ஒன்றை விட்டதும் எல்லாம் கேட்டன.

மண்டபத்துக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, வெளிச்சம் இல்லை, வாளியில் பாதித் தண்ணீர். நான் மச்சானின் கல்யாணக் கோட்டோடு ஈரத் தரையில் முழங்காலிட்டு, அங்கியைத் தூக்கிச் செருகி, பேம்பர்ஸை அவிழ்த்து, ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்தேன். பேர்கனில் தினமும் செய்கிற வேலைதான். சில பேம்பர்ஸ் காலையிலிருந்தே நனைந்து கனத்திருந்தன. தொடையெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. அந்தத் தோலைப் பார்த்ததும் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வந்தது, பிள்ளைகள் நிற்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஹர்ஷினி முடித்துவிட்டு எழுந்தபோது பெரிய மூச்சு ஒன்று விட்டாள். தகப்பன்மார் இரண்டு பேர் வாசலில் நின்று போனில் படம் எடுத்தார்கள். ஒருத்தர்கூட உள்ளே வந்து வாளியைப் பிடிக்கவில்லை.

இனிமேல் இவளை அந்த நேர்சரியில் வைத்திருக்க மாட்டார்கள், ஒருவிதத்தில் அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவினேன். அப்போதுதான் ஒலிபெருக்கியில் மெடத்தின் குரல் கேட்டது. "அன்பான பெற்றோர்களே, இப்ப நீங்க பாத்தது நோர்வே முறை. புள்ளைங்களோட தேவைய ஒடனே கவனிக்கிறது. நம்ம பிரதம அதிதி அத நேரடியாவே செஞ்சு காட்டியிருக்காங்க. ஒரு பெரிய கைதட்டு!" மண்டபம் முழுக்கக் கைதட்டியது. ஈரக் கையோடு அந்தச் சுவரில் சாய்ந்து நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு அருவருப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் வசந்தி நிம்மதியாக, "நல்லவேள, மெடம் கோவிச்சுக்கல" என்றாள். நான் ஈரக் கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டேன். புறப்படும் முன்பு ஒருதடவை மட்டும், பிள்ளையை அங்கிருந்து எடுத்துவிடு என்று கேட்டேன். இன்டவியூ முடியட்டும் என்றாள். புறப்படுகிற அன்று அந்த வழியாகத்தான் ஆட்டோ போனது. நேர்சரி மதிலில் புது விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். 'நோர்வே முறைக் கல்வி' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் கோட் போட்டுக்கொண்டு நான் சிரிக்கிறேன். கழிப்பறைப் பூட்டு அப்படியேதான் இருக்கிறது என்று மச்சான் சொன்னான்.

இப்போது பேர்கனுக்குத் திரும்பி வந்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் எங்கள் மத்தியான வேளையில் கண்டியிலிருந்து அழைப்பு வரும். அங்கே சாயந்தரம் ஆகியிருக்கும். நேர்சரி விட்டு வந்த பிள்ளையை, அம்மா வேலை முடிந்து வரும்வரை, மச்சான்தான் பார்த்துக்கொள்கிறான். முதல்நாள் அழைத்தபோது ஹர்ஷினி பாசத்தில் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"மாமா, ஒண்ணுக்குப் போகவா?"

"வீட்டுலதானே இருக்க? போ கண்ணு."

செருப்பு சரக் சரக்கென்று ஓடுகிற சத்தம் கேட்டது. மச்சான் போனை வாங்கிச் சிரித்தான். "என்னா மச்சான் செய்றது, நான் போன்னு சொன்னா போக மாட்டேங்கிறா. அம்மா சொன்னாலும் கேக்கல. மாமா சொன்னாத்தான் போகலாமாம். காலையிலருந்து அடக்கிட்டு வந்து, வாசல்ல நின்னுக்கிட்டு, ஒங்களுக்குப் போன் போடுன்னு கத்துறா."

அதிலிருந்து போனை மேல்சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். பிள்ளைகளோடு இருக்கும்போது போன் வைத்திருப்பது எங்கள் இடத்தில் விதிக்கு முரண். இங்கெர் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். கண்டியில் இருக்கும் என் தங்கை மகள் சிறுநீர் கழிக்க என்னிடம் அனுமதி கேட்பாள், நான் எடுக்காவிட்டால் அடக்கிக்கொண்டே நிற்பாள் என்று சொன்னேன். அவள் புரிந்துகொள்ள மிகவும் முயன்றாள். "உங்கள் நாட்டில் தாய்மாமன்தான் அதை அனுமதிக்க வேண்டுமா? அது உங்கள் சமய வழக்கமா?" என்று மரியாதையாகக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

நேற்று பேர்கனில் நல்ல மழை. பிள்ளைகள் எல்லோரும் ரெய்ன்ட்ரெஸ்ஸோடு சேற்றில் இருந்தார்கள். ஒரு சின்னவன் என் கையைப் பிடித்துப் பாறை ஏறிக்கொண்டிருந்தான். பையில் போன் அதிர்ந்தது. இந்தக் கையை விட்டால் இவன் விழுவான். அதை எடுக்காவிட்டால் அவள் வாசலில் கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பாள். சின்னவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பல்லால் கையுறையைக் கழற்றி, போனை எடுத்து, அவள் கேட்பதற்கு முன்பே மழைச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினேன்.

"போ கண்ணு, போ!"